வீட்டுக்கொரு கோழிக்கூடு

கிராமத்து வீடு ஒன்றை நினைத்துப் பார்த்தால், வாசலில் ஒரு வேப்பமரமும், கொல்லையில் ஒரு முருங்கையும், அவற்றினடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும் நாலைந்து கோழிகளும் நம் மனக்கண்முன் தோன்றாமல் இரா. ஏரும் மாடும் இல்லாத வீட்டிலும் கோழி உண்டு. காணி நிலம் இல்லாதவர்க்கும் கோழி உண்டு. ஆயினும், பசுவுக்குக் கொட்டிலும் ஆட்டுக்குப் பட்டியும் அமைத்துத் தரும் நம் மக்கள், கோழியை மட்டும் தானே இரை தேடி, தானே இடம் தேடிப் பிழைத்துக்கொள்ளும் பிராணி என்று கருதி விட்டுவிடுகின்றனர். இந்த ஒரு குறையினால் நம் கிராமங்கள் ஆண்டுதோறும் இழக்கும் செல்வம் கொஞ்சமன்று. வீட்டுக்கோழி வளர்ப்பினால் விளையும் பயனையும் இன்பத்தையும், அவற்றை நாம் இழக்கும் வழியையும், இழவாமல் காக்கும் முறையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பழமையான உறவு

கோழிக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சோழர் தலைநகராக விளங்கிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானை ஒன்றைக் கோழி எதிர்த்துப் பொருது வென்ற இடமாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பது வழிவழியாக வழங்கி வரும் கதை. முருகப்பெருமானின் கொடியிலும் சேவலே விளங்குகின்றது. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது அறிஞர் கண்ட உண்மை. ஆனால், கோழியின் காலிலும் தோலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபுக்கூறு சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. அந்தச் சாம்பல் நிறக் காட்டுக்கோழி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் கூவிக்கொண்டிருக்கின்றது. ஆகவே, உலகெங்கும் மஞ்சள் காலுடன் நடமாடும் கோழிகளெல்லாம் தென்னாட்டுக்கு ஓரளவு உறவு கொண்டவை என்று நாம் பெருமைப்படலாம்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் ஒயிட் லெகார்ன், ரோட் ஐலண்டு ரெட் முதலிய சீமை இனச் சேவல்களைக் கிராமங்களுக்கு அளித்து நாட்டுக்கோழிகளை மேம்படுத்த முயன்றனர். பின்னர்ப் பெரும் பண்ணைகள் தோன்றின. நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பேர்பெற்ற இடமாயிற்று. "கடையில் முட்டை வேண்டுமட்டும் கிடைக்கும்போது வீட்டில் கோழி எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கு விடை கூறுவதே நமது முதற்கடமை.

பயன் யாது?

கடை முட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கையில் காசில்லாத நாளில் கடையில் முட்டை இருந்தும் பயனில்லை. வீட்டுக்கோழி இடும் முட்டையோ, சிந்திய தானியமும், களத்துப் பதரும், குப்பைமேட்டுப் புழுவும், சமையலறைக் கழிவும் உருமாறி வந்த பொருள். ஒருவரும் உண்ணாத பொருளை யாவரும் உண்ணத்தக்க பொருளாக மாற்றித் தரும் இயந்திரம் கோழியைப்போல் பிறிதொன்றில்லை.

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. உடல் வளர்ச்சிக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் யாவும் அதில் அடங்கியுள்ளன. வைட்டமின் ஏ சத்தும் பி-12 சத்தும் உண்டு. வைட்டமின் சி ஒன்று மட்டும் இல்லை. அதனை ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ ஈடு செய்துவிடும். பள்ளிச் சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டை வழங்கப்படுகிறது. எனினும் விடுமுறை நாட்களில் அக்குழந்தைக்கும், வீட்டிலிருக்கும் கருவுற்ற தாய்க்கும், பல் போன பாட்டிக்கும் முட்டை வேண்டுமல்லவா? அந்த இடத்தை நிரப்ப வல்லது கொல்லைக் கோழியே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் 15 முட்டையாக ஆண்டில் நான்கு ஈடு இடுமானால், ஒரு பெட்டைக்கு 60 முட்டை, ஐந்துக்கும் 300 முட்டை ஆகும். ஒவ்வொரு பெட்டையின் ஓர் ஈட்டிலிருந்து 12 முட்டைகளை அடைக்கு வைத்தால், அவ்வாறு செலவாவது 60. எஞ்சிய 240 முட்டைகள் மாதத்துக்கு 20 ஆகும். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பின் மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஆளுக்கொரு முட்டை காசின்றிக் கிடைக்கும்.

அடைக்கு வைத்த 60 முட்டைகளில் முக்கால் பங்கு பொரித்தால் 45 குஞ்சுகள். அவற்றுள் 30 பெரிதாகி, 6 கோழிகளை அடுத்த ஆண்டுக்கென நிறுத்திக்கொண்டாலும், 24 கோழிகள் விற்பனைக்கு நிற்கும். நாட்டுக்கோழிக்குச் சந்தையில் உள்ள மதிப்பு யாவரும் அறிந்ததே. இந்தக் கணக்கு முழுவதும் ஒரு சிறு நிபந்தனையின்மேல் நிற்கின்றது. பிறந்த 45 குஞ்சுகளில் 30 உயிருடன் இருக்க வேண்டும் என்பதே அந்நிபந்தனை. பருந்தும் கீரியும் கழிச்சலும் சேர்ந்து 45-ஐ 10 ஆக்கிவிட்டால், விற்பதற்கு நாலு கோழிதான் மிஞ்சும். கோழி வளர்ப்பில் இலாபமும் நஷ்டமும் பெரும்பாலும் தீனியினால் வருவன அல்ல, சாவினால் வருவன.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. நெல் விற்ற பணம் ஆடவர் கைக்குப் போகும். கோழி விற்ற பணம் பெரும்பாலும் வீட்டுத் தாய்மாரின் சுருக்குப்பையில் தங்கும். குழந்தைக்கு நோட்டுப் புத்தகம், மருந்துச் செலவு, திடீரென வரும் விருந்து ஆகிய யாவற்றுக்கும் அதுவே ஆபத்பாந்தவன். ஆகவே கோழி சாவது என்பது அந்தச் சுருக்குப்பை கிழிவது என்றே பொருள்.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

நிற்க. கூடு என்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மகளிர் குழுவைச் சேர்ந்த பன்னிருவருக்கு ஆளுக்கு 20 வீதம் 240 கோழிக்குஞ்சுகளை மார்கழித் திங்களில் வழங்கினோம். ஒரு மாதம் வளர்ந்த குஞ்சுகள். முதல் தடுப்பு மருந்து பண்ணையிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. எட்டாம் வாரத்தில் இரண்டாம் தடுப்பூசி போட வேண்டும். தீனிச் செலவுக்காக அப்பெண்கள் தங்கள் குழுவிலிருந்து கடனும் பெற்றிருந்தனர். கூடு அமைப்பது பற்றி நாங்கள் ஒரு கூட்டத்தில் பேசினோம். பேசியதோடு சரி. கூடு கட்டப்பட்டதா என்று போய்ப் பார்க்கவில்லை.

எட்டாம் வாரம் வந்தது. குறித்த நாளில் மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு எங்கள் குழுவினர் ஊருக்குச் சென்றனர். அவர்கள் சென்றடைந்தபோது மணி பதினொன்று. ஒரு கோழியும் வீட்டில் இல்லை. சில களத்துமேட்டில் மேய்ந்தன. சில வேலிக்குள் ஒதுங்கியிருந்தன. இரவில் முருங்கைமரக் கிளையில் தங்கிப் பழகிய கோழிகளைப் பகலில் பிடிக்க எவரால் இயலும்? ஊர்ச் சிறுவர்கள் எல்லோரும் துரத்தியும் அகப்பட்டவை 34 மட்டுமே. இந்த மருந்துக்கு ஓர் இயல்பு உண்டு. புட்டியைத் திறந்து கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்; அதன்பின் அது வீரியம் இழந்துவிடும். மிகுந்த மருந்து வீணாயிற்று. "அடுத்த மாதம் வருகிறோம்" என்று கூறித் திரும்பினோம்.

அடுத்த மாதம் எங்களுக்கு முன்னர் நோய் வந்துவிட்டது. மாசித் திங்கள் முடிவில் வெள்ளைக்கழிச்சல் கண்டு, ஒன்பது நாட்களில் ஊர் முழுவதும் ஓய்ந்தது. வழங்கிய 240-இல் எஞ்சியவை 33. அவற்றுள் 18 ஒரே வீட்டைச் சேர்ந்தவை. அவ்வீட்டு மூதாட்டி, ஊசி போட வருவார்கள் என்று கேள்விப்பட்டு, வைகறையிலிருந்தே கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்தில் மூடி வைத்திருந்தார். "கத்திக் கத்தி ஓய்ந்து போச்சுங்க, பாவமாத்தான் இருந்தது, ஆனாலும் திறக்கல்லே" என்று அவர் சொன்னார். இரண்டைக் கீரிக்கு முன்னரே இழந்திருந்த அவர், கழிச்சலுக்கு ஒன்றைக்கூட இழக்கவில்லை.

மற்றொரு பெண்மணி எங்களிடம் கேட்ட கேள்வியை நாங்கள் மறக்கவியலாது. "ஐயா, உங்கள் பதிவேட்டிலே என் பேருக்கு எதிரே இருபது என்று எழுதியிருக்கிறது. கூடையிலே ஒன்றுமில்லை. கடன் மட்டும் இருக்கிறது. இதை எந்தக் கணக்கிலே எழுதுவீர்கள்?" என்றார். விடை கூற எங்களிடம் ஒன்றுமில்லை. செத்த கோழிக்காக அவர்கள் ஆறு மாத காலம் தவணை கட்டினார்கள். பிழை அவர்களுடையது அன்று. கோழி எப்போது வீட்டிலிருக்கும் என்பதை எண்ணிப் பாராது எங்கள் வசதிக்கேற்ற நேரத்தில் சென்ற எங்களுடையது.

மறு ஆண்டு முதலில் கூடுகள் எழுந்தன. பின்னரே குஞ்சுகள் சென்றன. ஊசி போடும் நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கையில் டார்ச்சு விளக்குடன் ஊரில் இருந்தோம். கோழிகள் யாவும் கூட்டுக்குள் இருந்தன. கூட்டுக் கதவண்டை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊசி போட்டு வெளியே விட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் ஊர்க்கோழிகள் யாவும் முடிந்தன. அந்தக் கோடையில் அவ்வூரில் கழிச்சலுக்கு ஒரு கோழியும் சாகவில்லை.

கூடு அமைக்கும் முறை

மேற்கூறியதிலிருந்து ஒன்று விளங்கும். கூடு என்பது பருந்துக்கும் பூனைக்கும் மறைவிடம் மட்டுமன்று. கோழியைக் கையால் தொடுவதற்கான ஒரே வாய்ப்பு அதுவே. தொடாத கோழிக்கு மருந்தும் இல்லை, கணக்கும் இல்லை. அன்றாடம் மாலையில் கூட்டை மூடும்போது எண்ணிப் பார்ப்பவர்க்கே எது சோர்ந்திருக்கிறது, எது வரவில்லை என்பது தெரியவரும்.

கூடு அமைக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நாலடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கூட்டில் பன்னிரண்டு கோழிகள் இரவு தங்கலாம். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது கணக்கு. தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்றடி உயரத்தில் நான்கு கால்களின்மேல் நிறுத்துதல் வேண்டும். அடித்தளத்தை மூங்கிற் பிளாச்சுகளால் சிறு இடைவெளி விட்டு அமைத்தால் எச்சம் கீழே விழுந்துவிடும்; கூடு உலர்ந்திருக்கும். விழுந்த எச்சத்தைத் திரட்டி எருக்குழியில் மக்கவைத்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடலாம். பச்சையாக இடின் செடி கருகிவிடும். மேலே கீற்றுக் கூரையும், பக்கங்களில் காற்று உலவத்தக்க தட்டியும், எலியும் கீரியும் நுழையாதபடி இறுக மூடும் கதவும் இருந்தால் போதும்.

கூட்டின் இடுக்குகளில் உண்ணி பகலில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் குருதியைக் குடிக்கும். ஆகவே மாதம் ஒருமுறை கோழிகள் வெளியே சென்றபின் இடுக்குகளில் சுண்ணாம்பு பூசுதல் நன்று. கொல்லையின் ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் இட்டு வைத்தால், கோழிகள் தாமே அதில் புரண்டு செள்ளுப்பூச்சியைப் போக்கிக்கொள்ளும்.

அடையும் குஞ்சும்

பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவலை அவ்வப்போது வேற்றூரிலிருந்து மாற்றிக்கொள்ளல் வேண்டும். உடன்பிறந்தவற்றுக்குள்ளேயே இனம் பெருகினால் முட்டையும் குறையும், குஞ்சும் நலியும். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்படாததாக இருத்தல் நலம். கோடையில் நாலைந்து நாட்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அழுக்கு இருப்பின் உலர்ந்த துணியால் துடைக்கலாம். நீரில் கழுவுதல் கூடாது. முட்டை ஓட்டில் கண்ணுக்குப் புலனாகாத எண்ணிறந்த துளைகள் உள்ளன. மேலே இயற்கையாகப் படிந்துள்ள மெல்லிய பூச்சு அத்துளைகளைக் காக்கின்றது. கழுவினால் அப்பூச்சு நீங்கி, கிருமிகள் உள்ளே புகும்.

அடை வைக்கும் கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாயும் போட்டு வைப்பது நம் தாய்மார்களின் வழக்கம். அதனால் தீங்கொன்றுமில்லை. அதனுடன், ஏழாம் நாள் இரவு முட்டையை ஒரு டார்ச்சு விளக்கின்முன் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்வார்களாயின் பயன் மிகும். கருக்கொண்ட முட்டையில் சிலந்தியின் கால்களைப்போல் செந்நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பது கூமுட்டை, அதனை நீக்கிவிடலாம். அடைக்கோழி நாள்தோறும் ஒருமுறை எழுந்து நீரருந்தி, இரை உண்டு, எச்சமிட்டு வர விடுதல் வேண்டும். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும்.

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருவின் எச்சம் உணவாக அடங்கியிருப்பதால், முதல் நாள் அது இரைக்கு வாடுவதில்லை. குஞ்சுக்கு முதல் தேவை சூடே. தாயின் சிறகடியில் அச்சூடு கிடைக்கும். தாயின்றி வளர்ப்பதாயின் மின்விளக்கு வைக்க வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது கணக்கு. 30 குஞ்சுகளுக்கு 60 வாட் குண்டு பல்பு போதும். இக்காலத்து எல்இடி விளக்கு வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் சூடு போதவில்லை என்றும், ஓரங்களுக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு மிகுதி என்றும், எங்கும் பரவி மேய்ந்தால் அளவாக உள்ளதென்றும் அறியலாம்.

தாய்க்கோழி குஞ்சுகளுடன் இரண்டு மாதத்துக்கு மேல் திரியும். அக்காலத்தில் முட்டையிடாது. நான்காம் வாரத்தில் குஞ்சுகளைப் பிரித்துக் கவனித்துக்கொண்டால் தாய் விரைவில் அடுத்த ஈட்டுக்கு வரும்.

செலவில்லாத தீனி

மேய்ச்சலில் கோழிக்குப் புல்லும் புழுவும் கிடைக்கும். மாலையில் கூட்டுக்கு அழைக்கும்போது ஒரு கைப்பிடி கம்பு, சோளம் அல்லது குருணை போட்டால், அழைத்த குரலுக்கு ஓடி வரும் பழக்கமும் ஏற்படும். முருங்கைக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் கொத்தித் தின்னும். கீரை மிகுந்தால் மஞ்சட்கருவின் நிறமும் மிகும்.

குஞ்சுகளுக்குக் கரையான் மிகச் சிறந்த உணவு. ஒரு பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலை, வைக்கோல் முதலியவற்றைத் திணித்து, சிறிது நீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாட்காலையில் பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளின்முன் கொட்டினால் ஒன்றுகூட மிஞ்சாது. செலவில்லாமல் புரதச்சத்து அளிக்கும் இம்முறையைப் பள்ளிச் சிறுவரும் செய்யலாம். யாவற்றுக்கும் மேலாக, நிழலில் தூய நீர் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

கழிச்சலும் காப்பும்

கோழிக்கு வரும் நோய்களில் கொடியது வெள்ளைக்கழிச்சல். இமயமலை ஊராகிய ராணிக்கேத்தில் 1920-களில் கண்டறியப்பட்டதனால் ராணிக்கெட் நோய் என்று பெயர் பெற்றது. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறங்கி வழியும், வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும், மூச்சுக்குத் திணறும், சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காப்பதொன்றே வழி.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து; எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஒரு தடுப்பூசி; இவ்விரண்டும் தவறாமல் நடைபெற வேண்டும். ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்னர்க் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தல் நலம். ஊசியின் பயன் உடனே வருவதன்று. உடலில் எதிர்ப்பு உண்டாகச் சில நாட்கள் செல்லும். நோய் அடுத்த தெருவுக்கு வந்தபின் ஊசி தேடி ஓடுவது வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவது போலாம். ஆகவே கோடை தொடங்குமுன், தை மாதத்திலேயே முடித்துக்கொள்வது அறிவுடைமை.

தடுப்பு மருந்து நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது. 1932-இல் இராணிப்பேட்டையில் தொடங்கப்பெற்ற கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்துறையில் பன்னெடுங்காலமாகத் தொண்டாற்றி வருகின்றது. ஆனால் ஒரு புட்டியில் நூறு கோழிக்கும் மேற்பட்டவற்றுக்கான மருந்து இருக்கும். ஐந்து கோழி உடைய ஒருவர் தனியே வந்து கேட்டால் புட்டியைத் திறப்பது வீண். தெருவார் ஒன்றுகூடி, கோழிகளை எண்ணிச் சொல்லி, ஒரு விடியற்காலையைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அழைத்தால் மருந்தும் வீணாகாது. ஒரு வீட்டுக் கோழியும் விடுபடாது. கூட்டுறவு என்பது பால் சங்கத்துக்கு மட்டும் உரியதன்று.

நோய் கண்ட கோழியை அரை விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவது பெரும்பிழை. அந்தக் கூடையில் நோயும் அடுத்த ஊருக்குப் பயணம் போகும். இறந்ததை ஓடையிலும் குப்பையிலும் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக நம் நாட்டில் கண்டறியப்பட்டது. அதனால், கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால், தாமே அறுத்துப் பாராமலும், உண்ணாமலும், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வைத்திருந்து, பின்னரே மற்றவற்றுடன் விடுதல் வேண்டும்.

கோழி தரும் இன்பம்

இதுவரை பயனைப் பற்றியே பேசினோம். இன்பத்தைப் பற்றியும் சிறிது கூறுவோம். மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் அமர்ந்து கோழிக் கூட்டத்தைக் கவனிப்பவர்க்கு வேறு பொழுதுபோக்கு வேண்டுவதில்லை. எது முதலில் இரை எடுப்பது, எது ஒதுங்கி நிற்பது என்பதில் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரப் எப்பே என்பவர் இளமையில் தம் வீட்டுக் கோழிகளைக் கவனித்தே இந்த ஒழுங்கை உலகுக்கு எடுத்துக்காட்டினார். வானில் பருந்தைக் கண்டால் ஒரு குரலும், தரையில் பூனையைக் கண்டால் வேறொரு குரலும் கோழி எழுப்பும். முதற்குரல் கேட்டவுடன் குஞ்சுகள் தாயின் சிறகுக்குள் மறையும் விரைவை எத்தனை முறை கண்டாலும் சலிப்பதில்லை.

நாங்கள் செல்லும் வீடுகளில் குழந்தைகள் தத்தம் கோழிக்குப் பெயரிட்டு அழைப்பதையும், இன்று எந்தக் கோழி முட்டையிட்டது என்பதைக் கொக்கரிப்பிலிருந்தே கூறுவதையும் கண்டிருக்கிறோம். சூடான முட்டையை முதன்முதலாக உள்ளங்கையில் ஏந்தும் குழந்தையின் முகத்தைக் கண்டவர்கள், இதனை வெறும் உபதொழில் என்று கூறமாட்டார்கள். உயிர் ஒன்றைப் பொறுப்புடன் பேணும் பயிற்சியைக் குழந்தைக்கு அளிக்கும் பள்ளி அது.

முடிவாக ஒன்று கூறுவோம். "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்பது பழமொழி. குஞ்சு சாவது கூடில்லாமையாலும், ஊசியில்லாமையாலும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தாலும்தான். இந்த எண்ணம் குடிமக்களிடம் மட்டுமன்றி, எங்களைப் போன்ற அலுவலர்களிடமும் நீங்க வேண்டும். குஞ்சு வாங்குமுன் கூடு கட்டுங்கள். கட்டிய கூட்டில் கோழிகளை மாலைதோறும் எண்ணி மூடுங்கள். ஊசி போட வரும் நாளில் விடியுமுன் கதவைத் திறவாதிருங்கள். கதவு திறக்குமுன் வந்து சேர வேண்டியது எங்கள் கடமை.